வீதி வகுத்த விருப்பு

வாகனத்தைத் தேர்ந்தெடுப்பது தனிமனிதனின் ரசனையையும் பணவசதியையும் மட்டும் பொறுத்தது என்ற எண்ணம் பரவலாக நிலவினாலும், பல நாடுகளின் வீதிகளையும் அவற்றில் ஓடும் வண்டிகளையும் ஒப்புநோக்குவோர்க்கு அவ்வெண்ணம் நெடுநேரம் நிலைப்பதில்லை. ஒத்த வருமானமும் ஒத்த குடும்ப அளவும் உடைய இருவருள் ஒருவர் டெக்சாசிலும் மற்றவர் ஒசாகாவிலும் வாழ்வாராயின், முன்னவர் பிக்கப் எனப்படும் திறந்த பின்தட்டுடைய பெரிய வண்டியையும் பின்னவர் நீளத்தில் 3.4 மீட்டரைத் தாண்டாத சிறு காரையும் நாடுவதற்கே வாய்ப்பு அதிகம். ஆயினும் இருவரும் தத்தம் விருப்பம் தம் உள்ளத்தில் தானே முளைத்ததென்றே உறுதியாக நம்புவர். விருப்பம் இவ்வாறு நிலத்துக்கு நிலம் ஓர் ஒழுங்கோடு மாறுமாயின், அது எந்த அளவுக்கு விரும்புபவனுக்கே உரியது என்ற வினா எழுகிறது. அதனைத் தொடர்ந்து, சமய நோக்கில் இன்னும் கடுமையான வினாவொன்றும் எழுகிறது: முழுமையாகத் தனக்கு உரியதல்லாத விருப்பத்துக்காக ஒருவனிடம் கணக்குக் கேட்பது எவ்வாறு நீதியாகும்? வீண்விரயத்தைக் கண்டிக்காத சமயம் இல்லை. ஆனால் வண்டி ஓடும் நிலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எது விரயம், எது தேவை என்று வரையறுக்க இயலுமா என்று ஆராய்ந்தவர்கள் குறைவு. அவ்வாராய்ச்சிக்குத் திருகோணமலை மாவட்டத்துத் தோப்பூர் தகுந்த இடமாகும்.

மூதூர்ப் பிரதேசத்துள் அடங்கும் தோப்பூர், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மகாவலி கங்கை கடலை அடையுமுன் பிரியும் இரு கிளைகளுக்கு இடைப்பட்ட தாழ்நிலத்தில் அமைந்துள்ளது. ஒரு கிளை மூதூரை அடுத்துக் குடாவில் விழ, மற்றது வெருகல் ஆறு என்ற பெயர் பூண்டு கிழக்கே கடலில் கலக்கிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இவ்வூரைச் சூழத் தமிழ்க் கிராமங்களும், சேருவிலையைச் சார்ந்த சிங்களக் குடியிருப்புகளும், அவற்றுக்கிடையே நெல்வயல்களும் விரிந்து கிடக்கின்றன. வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாரிகாலத்தில், அதிலும் மகாவலி பெருகி வரும் நாட்களில், இந்நிலத்தின் பெரும்பகுதி நீரின் ஆட்சிக்குள் சென்றுவிடுகிறது. திருகோணமலை நகரம் குடாவின் மறுகரையில் அண்மையில் இருந்தும், தரைவழி நெடுங்காலம் ஆறுகளாலும் கழிகளாலும் துண்டிக்கப்பட்டே கிடந்தது. 2009இல் 396 மீட்டர் நீளமுள்ள கிண்ணியாப் பாலமும், 2011இல் ஏ-15 வீதியின் கங்கை, இறால்குழி முதலிய பாலங்களும் திறக்கப்படும் வரை, மூதூர்த் துறையிலிருந்து குடாவைக் கடக்கும் இயந்திரப் படகும், கிழக்கிலங்கையில் 'பாதை' என்றே வழங்கும் மிதவைகளும்தான் மக்களை நகரோடு இணைத்தன. வாகனத்தோடு செல்ல வேண்டியவர் மிதவைகளுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது, அன்றேல் கந்தளாய் வழியாக நெடுந்தொலைவு சுற்ற வேண்டியிருந்தது.

இத்தகைய நிலத்தில் எவ்வகை வண்டிகள் விரும்பப்பட்டன என்பதைக் கண்டறிய நுண்ணிய ஆய்வு தேவையில்லை. மிதவையில் ஏற்றுவதற்கும் வயல்வரம்பில் உருட்டிச் செல்வதற்கும் ஏற்ற சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் முதலிடம் பெற்றன. அவற்றுக்கு அடுத்து, உழவர் 'லேண்ட் மாஸ்டர்' என்றழைக்கும் இருசக்கர உழவு இயந்திரம் வந்தது. கலப்பையைக் கழற்றிவிட்டுப் பின்னால் பெட்டியைப் பூட்டினால் அதுவே நெல்மூட்டையையும் உரத்தையும் விறகையும், வேண்டும்போது குடும்பத்தையும் ஏற்றிச் செல்லும் வண்டியாகிவிடுகிறது. வேகமோ சொகுசோ அதனிடம் இல்லை. ஆனால் கிரவல் வீதி சேறாகி, கார் தன் வயிறு தட்டி நின்றுவிடும் இடத்தில் அது நகரும். பாலங்கள் வந்து வீதி காபெட் இடப்பட்ட பின்னர், முச்சக்கர வண்டியும், 'பட்டா' என்று வழங்கும் சிறு லொறியும், வேனும், ஓரளவு காரும் பெருகின. மக்கள் அதே மக்கள். அவர்களுடைய தொழிலும் தொழுகையும் உறவுமுறையும் அவையே. பாலத்துக்கு முன் காரை விரும்பாதிருந்தவர் பாலத்துக்குப் பின் விரும்பினார் என்றால், அவருள் நிகழ்ந்த மாற்றத்தின் காரணம் அவருக்கு வெளியே, ஆற்றின் குறுக்கே நடப்பட்ட தூண்களில் இருந்தது.

தமிழ் மரபு இவ்வுண்மையை மிகப் பழைய காலத்திலேயே கண்டுகொண்டது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று கொண்டு, உணவு, விலங்கு, தொழில் முதலியவற்றை அந்நிலத்தில் பிறக்கும் கருப்பொருள் என்றும், மாந்தரின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் வகுத்த தொல்காப்பியம், மனித உள்ளத்தின் நிகழ்ச்சியைக் கூட நிலத்தினின்று பிரிக்காமல் நோக்கியது. வண்டியைப் பற்றிய குறிப்பான சான்றும் உண்டு. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் போற்றுமிடத்து, பள்ளத்தில் இறங்கியும் மேட்டில் ஏறியும் நெடுவழி செல்லும் உப்பு வணிகர் தம் வண்டியின் அச்சு முறிந்துவிடக்கூடும் என்று எண்ணி அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சை, அதாவது மாற்று அச்சை, அவனுக்கு உவமையாக்குகிறார். மேடுபள்ளமான வழி இல்லையேல் சேம அச்சும் இல்லை. மரத்தாலான அவ்வுறுப்பு வீதியைப் பற்றிய அறிவு வண்டியில் பதிந்த இடமாகும். திருக்குறளின் இடனறிதல் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே சென்று, வலிய சக்கரங்களையுடைய நெடிய தேர் கடலிலும், கடலில் ஓடும் கலம் தரையிலும் ஓடுவதில்லை என்று எடுத்துக்காட்டி, ஒரு பொருளின் ஆற்றல் அதன் இடத்தோடு சேர்ந்தே பொருள்படும் என்பதை உணர்த்துகிறது. தேரும் கலமும் மாறிமாறித் தேவைப்பட்ட கொட்டியாரக் கரையில் அக்குறளுக்கு விளக்கவுரையே வேண்டியதில்லை.

உலகின் பிற பகுதிகளும் இதே பாடத்தைச் சொல்கின்றன. 1948இல் பாரிசில் காட்சிக்கு வைக்கப்பட்ட சித்ரோயன் 2சிவி என்ற பிரெஞ்சுக் கார், உழுத வயலின் குறுக்கே ஒரு கூடை முட்டையை உடையாமல் கொண்டு செல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு உழவர்களை முன்னிறுத்தி வடிவமைக்கப்பட்டது. அதன் மென்மையான தாங்குவில் அமைப்பு பிரெஞ்சுக் கிராமத்து வழிகளுக்கான விடையாகும். ஆஸ்திரேலியாவில், ஞாயிறன்று தேவாலயத்துக்குச் செல்லவும் திங்களன்று பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஒரே வண்டி வேண்டுமென்று உழவர் குடும்பத்துப் பெண்ணொருவர் ஃபோர்ட் நிறுவனத்துக்கு எழுதியதன் விளைவாக, 1934இல் 'யூட்' என்ற வண்டிவகை உருவானதாகச் சொல்லப்படுகிறது. வழிபாடும் வருவாயும் ஒரே இருக்கையைப் பகிர்ந்துகொண்ட அவ்வரலாறு, லேண்ட் மாஸ்டரை அறிந்தவர்க்குப் புதுமையாகத் தோன்றாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை குளிர்கால டயர் பூட்டுவது சட்டக் கட்டாயமாகும். ஈழத்திலிருந்து சென்று அங்கு வாழும் தமிழர்கள், பனியில் வழுக்காமல் நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியைத் தேடத் தொடங்குகின்றனர். பனியையே காணாத ஊரில் பிறந்தவருக்கு அவ்விருப்பம் குருதியின் வழியாக வந்திருக்க இயலாது.

ஆயினும் வீதி என்ற சொல்லைத் தாரும் கல்லும் மட்டும் என்று கொள்வது போதாது. வரி, எரிபொருள் விலை, சட்டம், இறக்குமதி அனுமதி ஆகியவையும் வண்டி ஓடும் நிலத்தின் பகுதிகளே. ஜப்பானின் கெய் கார், அதாவது 660 சி.சி. இயந்திரத்துக்கும் 1.48 மீட்டர் அகலத்துக்கும் மேற்படாத சிறு கார், ஒடுங்கிய தெருக்களின் பிள்ளை என்பது உண்மையெனினும், குறைந்த வரியும், வண்டி நிறுத்த இடம் உண்டென்று சான்று காட்டக் கோரும் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்குக் கிடைத்த சலுகையும் இல்லாதிருந்தால் அது அந்நாட்டின் அடையாளமாகியிராது. அமெரிக்கரின் பிக்கப் மோகத்தை அகன்ற நெடுஞ்சாலைகளைக் கொண்டு மட்டும் விளக்குவோர், இறக்குமதியாகும் சிறு லொறிகள் மீது 1964 முதல் அந்நாடு விதித்துவரும் 25 சதவீதத் தீர்வையை மறந்துவிடுகின்றனர். நோர்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களுள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது மின்கார்கள். குளிரும் மலையும் அதனை எளிதாக்கவில்லை, வரிவிலக்கே எளிதாக்கியது.

இலங்கையின் நிலை இதனினும் சிக்கலானது. ஜப்பானும் இலங்கையும் வீதியின் இடப்புறம் ஓட்டும் நாடுகளாதலால், ஜப்பானில் பயன்படுத்தப்பட்ட வண்டிகள் மாற்றமின்றி இங்கு ஓடுகின்றன. இயந்திரக் கொள்ளளவுக்கு ஏற்ப உயரும் இறக்குமதி வரி சிறு இயந்திரங்களுக்குச் சாதகமாக இருந்ததால் கெய் வகைக் கார்களும் பெருமளவில் வந்தன. இதன் விளைவாக, ஒசாகாவின் செம்மையான தெருவுக்காகத் தாழ்வாக அமைக்கப்பட்ட கார் ஒன்று, கிழக்கிலங்கையின் மாரிகாலக் குழிகளில் அடிதட்டி ஓடுகிறது. பிறநாட்டின் வீதி வடித்த வண்டியைத் தன் நாட்டின் வரி காட்டிய திசையில் வாங்கியவர் அதனைத் தம் விருப்பம் என்று அழைக்கிறார். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடையே 2022இன் எரிபொருள் பஞ்சத்தில், கியூஆர் குறியீட்டின்படி வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து வழங்கப்பட்டபோது, நாடெங்கும் சைக்கிள் மீண்டும் மதிப்புப் பெற்றது. அதனை எளிமை வாழ்வுக்குத் திரும்பிய மனமாற்றம் என்று பாராட்டியவர்களும் இருந்தனர். பெற்றோல் வந்தவுடன் சைக்கிள் மூலைக்குச் சென்றதிலிருந்து, அங்கு மாறியது மனம் அன்று என்பது தெளிவாகிறது.

தோப்பூருக்கு அண்மையிலுள்ள சேருவில பௌத்தர் போற்றும் பழைய தூபியைக் கொண்ட தலமாதலால், பௌத்த மெய்யியலில் புகழ்பெற்ற தேர் வாதத்தை இங்கு நினைப்பது பொருந்தும். மிலிந்த பஞ்ஹா என்ற பாளி நூலில், தேரில் வந்த மிலிந்த மன்னனிடம் நாகசேனர் என்ற துறவி, ஏர்க்கால்தான் தேரா, அச்சுதான் தேரா, சக்கரந்தான் தேரா என்று ஒவ்வோர் உறுப்பாக வினவி, எதுவும் தேர் ஆகாது, அவ்வுறுப்புகள் சேர்ந்து நிற்கும் நிலைக்கு இட்ட பெயரே தேர் என்று ஒப்புக்கொள்ளச் செய்கிறார். அவ்வாறே 'தான்' என்பதும் உறுப்புகளின் சேர்க்கைக்கு இட்ட பெயரே என்பது அவர் முடிபு. இவ்வாதம் ஆழமானது, எனினும் ஓர் உறுப்பு அதில் எண்ணப்படவில்லை. சக்கரத்தின் விட்டமும் அச்சின் உயரமும் வழியைக் கருதியே அமைக்கப்படுகின்றன, வழியற்ற தேர் நிற்கும் மரக்குவியலே. எனவே வழியும் தேரின் ஓர் உறுப்பு என்றே கொள்ள வேண்டும். இதனை ஏற்றால், விரும்பும் 'தான்' என்பதன் உறுப்புகளுள் வீதியையும் பாலத்தையும் வரியையும் சேர்க்க வேண்டியதாகிறது. மனிதன் தன் தோலோடு முடிவதில்லை. அவன் நடக்கும் மண்ணும் அவன் விருப்பத்தினுள் இருக்கிறது.

இவ்வாறாயின் பொறுப்பு என்பதே கரைந்துவிடாதா என்ற அச்சம் நியாயமானது. இதற்கு விடைகாண இஸ்லாமிய சட்டவியல் நல்லதொரு கருவியைத் தருகிறது. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் இமாம் ஜுவைனியும் அவருடைய மாணவர் கஸ்ஸாலியும் (மறைவு 1111) தொடங்கி, கிரனாடாவில் வாழ்ந்த ஷாத்திபி (மறைவு 1388) முழுமைப்படுத்திய பகுப்பின்படி, மனிதனின் நலன்கள் மூவகைப்படும். உயிர், மார்க்கம், அறிவு, சந்ததி, உடைமை ஆகியவற்றைக் காக்க இன்றியமையாதவை ளரூரிய்யாத். இல்லாவிடில் வாழ்வு அழியாது, ஆனால் இடர்ப்படும் என்பவை ஹாஜிய்யாத். வாழ்வுக்கு அழகும் செம்மையும் சேர்ப்பவை தஹ்ஸீனிய்யாத். மூன்றாம் வகையும் நலன்களின் பட்டியலிலேயே இடம்பெறுகிறது என்பது கவனத்துக்குரியது. குர்ஆனின் 16ஆம் அத்தியாயமான அந்நஹ்ல், குதிரையையும் கோவேறு கழுதையையும் கழுதையையும் ஏறிச் செல்வதற்கு மட்டுமன்றி அலங்காரத்துக்காகவும் படைக்கப்பட்டவையாகக் குறிப்பிடுகிறது; வசதியான வாகனத்தை மனிதனின் நற்பேறுகளுள் ஒன்றாக எண்ணும் நபிமொழியும் உண்டு. எனவே அழகிய வண்டியை விரும்புவது தன்னளவில் குற்றமாகாது.

இப்பகுப்பின் உண்மையான பயன், அதனை நிலத்தோடு பொருத்தும்போதே வெளிப்படுகிறது. தரையினின்று உயர்ந்து நிற்கும் நான்கு சக்கர இயக்க ஜீப் ஒன்று, கொழும்பின் காபெட் வீதியில் பெரும்பாலும் மூன்றாம் வகைக்குரியது. அதே ஜீப், வெருகல் ஆறு கரைபுரண்ட நாளில் பிரசவ வேதனையிலுள்ள பெண்ணை மூதூர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுமிடத்து முதல் வகையாகிவிடுகிறது. வண்டி ஒன்றே, விலையும் ஒன்றே. நிலம் மாறியதும் அதன் அறநிலையும் மாறியது. ஆதலால் தேவை, விரயம் என்ற தீர்ப்புகளைப் பொருள்களின் மீது ஒட்டுவது பிழை. பொருளுக்கும் இடத்துக்கும் உள்ள உறவின் மீதே அவை செல்லும். இதிலிருந்து ஒரு நெறிமுறையும் கிடைக்கிறது. ஒருவனுடைய விருப்பத்திலிருந்து வீதி வகுத்த பங்கைக் கழிக்க வேண்டும். சேறு, வெள்ளம், தொலைவு, வரி, எரிபொருள் ஆகியவை கோரிய அனைத்தையும் கழித்த பின்னர் எஞ்சுவது எதுவோ அதுவே அவனுக்கு முழுமையாக உரியது. அழகுணர்ச்சியாகவோ பெருமையாகவோ பொறாமையாகவோ அது இருக்கலாம். நப்ஸ் என்று சமயம் அழைக்கும் தன்னுள்ளத்தின் வேட்கை அவ்வெச்சத்திலேயே குடியிருக்கிறது, கணக்கும் அதற்கே கேட்கப்படும்.

அவ்வெச்சம் சிறியதன்று. நற்றிணையின் 45ஆம் பாடலில், நெய்தல் நிலத்துத் தோழி, கடலில் மீன்பிடிக்கும் தம் சிறுகுடியையும், விரைந்த தேர்களையுடைய செல்வனின் மகனாகிய தலைவனின் பெருநகரையும் எதிரெதிரே நிறுத்தி, இவ்விரண்டும் பொருந்தா என்று அவனைத் தடுக்கிறாள். அங்கு தேர் அவனைக் கொண்டுவந்து சேர்த்த கருவி என்பதினும், அவன் யார் என்பதை அறிவிக்கும் குரலாகவே ஒலிக்கிறது. மத்திய கிழக்கில் பல ஆண்டு உழைத்துத் திரும்பும் கிழக்கிலங்கை இளைஞர், அங்கு பாலைவனமும் நெடுஞ்சாலையும் வளர்த்த பெருவண்டி மீதான மதிப்பையும் உடன் கொண்டுவருவதும், திருமண வேளையில் அதனையொத்த வண்டியைக் கடனுக்கோ லீசிங் முறையிலோ பெறத் துணிவதும் இவ்வகையினவே. வட்டியை விலக்கிய மார்க்கத்தைப் பின்பற்றுவோர் ஊராரின் பார்வைக்காக வட்டிக்குள் நுழைவது எந்தச் சேற்றாலும் எந்த வெள்ளத்தாலும் விளக்கப்படாதது. அங்கு கண்டனம் உரிய இடத்திலேயே விழுகிறது.

ஆனால் கழித்தல் கணக்கு மற்றொரு திசையிலும் செல்கிறது. அறநூல்கள் மிகையான விருப்பத்தையே பெரிதும் ஆராய்ந்தன. குறைந்துபோன விருப்பத்தை அவை போதிய அளவு கவனிக்கவில்லை. நோர்வே நாட்டு மெய்யியலாளர் ஜோன் எல்ஸ்டர் 1983இல் வெளியிட்ட நூலில், எட்டாத திராட்சையைப் புளிப்பென்று சொன்ன நரியின் கதையை வைத்து, கிடைக்காததை விரும்பாமலிருக்க மனம் தன்னையே பழக்கிக்கொள்வதைத் தகவமைந்த விருப்பம் என்று விளக்கினார். அமர்த்தியா சென் 1985இல் சைக்கிளையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு பொருளை உடைமையாகப் பெற்றிருப்பது வேறு, அதனால் சென்றுவரும் ஆற்றலைப் பெற்றிருப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். இவ்விரு கருத்துகளையும் சேர்த்து நோக்கினால், தாழ்நிலத்து வயலூர் மக்கள் சைக்கிளோடும் லேண்ட் மாஸ்டரோடும் மனநிறைவடைகின்றனர் என்ற கூற்று வேறொரு முகத்தைக் காட்டும். அது போதுமென்ற மனமாகவும் இருக்கலாம். நல்ல வீதியைக் கண்டறியாத கண்கள் கேட்கத் தவறியதாகவும் இருக்கலாம். சமயம் கனாஅத் என்று போற்றும் போதுமென்ற பண்பு, வேறு வழி இருந்தும் தானே தேர்ந்துகொண்டவனிடமே அறமாக நிற்கிறது. வழியற்றவனின் அமைதியை அதே பெயரால் அழைத்து, அவனுக்குரிய வீதியை மறுப்போர்க்குத் துணைபோவது பெருந்தவறாகும்.

2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் நடந்தது இத்தவறின் விலையை உணர்த்துகிறது. புதிய பாலத்துக்கான வேலை முடியாதிருந்த நிலையில், நீரைக் கடக்க மக்கள் ஏறிய மிதவை கவிழ்ந்து, பாடசாலை சென்றுகொண்டிருந்த பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அவர்கள் அம்மிதவையை விரும்பித் தேர்ந்தார்கள் என்று எவரும் சொல்லமாட்டார்; எனினும் தினந்தோறும் அதில் ஏறினார்கள், மறுநாளும் ஏறியிருப்பார்கள். புள்ளிவிவரம் தொகுப்பவர் பார்வையில் அதுவும் ஒரு வாகனத் தேர்வாகவே பதிவாகியிருக்கும்.

இங்கு கணக்குக் கேட்கப்பட வேண்டியவர் பயணி அல்லர். ஈராக்கில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும், அதற்கு ஏன் வழியைச் செப்பனிடவில்லை என்று இறைவன் தம்மிடம் கேட்பானோ என அஞ்சியதாக இரண்டாம் கலீபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி மரபில் ஒரு செய்தி வழங்கிவருகிறது. இடறிய விலங்கையோ அதனை ஓட்டியவனையோ அச்செய்தி குறைகூறவில்லை. வழிக்குப் பொறுப்பானவரையே அது நிறுத்திக் கேட்கிறது. வழியில் கிடக்கும் தீங்கை அகற்றுவதை ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், கிளைகளுள் ஒன்றாக நபிகளார் எண்ணியதும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. கல்லையும் முள்ளையும் தனிமனிதன் அகற்றலாம், பாலமில்லாத ஆற்றை ஊரும் அரசும் கூடியே அகற்ற முடியும். விருப்பங்களைப் பிறப்பிக்கும் வீதி பொதுவுடைமையாதலால், அவ்விருப்பங்களின் பொறுப்பிலும் பெரும்பங்கு பொதுவினதே.

ஆதலால் தோப்பூரிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் ஜும்ஆ நாளில் மிம்பரில் ஏறி இளைஞரின் வாகன மோகத்தைக் கண்டிக்கும் பேச்சாளர்கள், அதே மிம்பரிலிருந்து செப்பனிடப்படாத கிரவல் வீதியையும் முடிவுறாத பாலத்தையும் பற்றிப் பெயர் சொல்லிப் பேச வேண்டும். கோயில் மண்டபங்களிலும் விகாரைகளிலும் அறம் உரைப்போரும் அவ்வாறே செய்ய வேண்டும். பிரதேச சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் செல்லும் மனுக்களில் அவர்களும் கையொப்பமிட வேண்டும்.